1972 ஜாகுவார் எக்ஸ்ஜே6 வாங்கலாமா? பழைய பிரிட்டிஷ் சொகுசு கார்களை விட்டு மனசு ஏன் வரமாட்டேங்குது?

தாமிரபரணி_செல்வம் | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் கொவன்ட்ரிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. வீடு ஆலஸ்லி பக்கம். நடந்துபோகிற தூரத்தில்தான் பிரௌன்ஸ் லேன். 1950களின் தொடக்கத்திலிருந்து 2005 வரைக்கும் அங்கே ஜாகுவார் உருவாச்சு. இப்போ ஆலை இல்லை, அந்த இடத்தில் வீடுகளும் கிடங்குகளும் வந்துட்டுது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் அந்த ஆலையில் சீட் தைக்கிற பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்குத் தெரிந்த ஒருவர் 1972 எக்ஸ்ஜே6 ஒன்றை விற்கிறார். முதல் சீரிஸ், 4.2 லிட்டர், ஆட்டோமேட்டிக், கரும்பச்சை. இன்னைக்குப் போய் ஓட்டிப் பார்த்தேன்.

கதவைச் சாத்தினதும் ஒன்று நடந்தது. எங்க ஊர் ஆத்துல முங்கினா, கரையில துணி துவைக்கிற சத்தம், பிள்ளைகள் கூச்சல் எல்லாம் சட்டுனு தூரமாப் போயிடும். தண்ணிக்குள்ள வேறொரு சத்தம் மட்டும் இருக்கும். அப்படி இருந்தது. எஞ்சின் ஓடுவது கையில தெரியுது, காதில விழலை. இங்கே போன குளிர்காலத்துக்கு அப்புறம் ரோடெல்லாம் குழி. வண்டி அந்தக் குழிகளை உள்ளே சொல்லவே இல்லை. வால்நட் மரப் பலகையில வட்ட வட்டமா ஸ்மித்ஸ் மீட்டர்கள், அதுக்குக் கீழே வரிசையா சுவிட்சுகள். அதில் ஒன்று பெட்ரோல் டாங்க் மாத்துறதுக்கு. இந்த வண்டிக்கு ரெண்டு டாங்க், டிக்கிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மூடி.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி கேட்டாள், “ஐம்பது வருஷப் பழைய வண்டியில அப்படி என்ன இருக்கு?” என்னால் பதில் சொல்ல முடியலை. வாங்கலாமா என்பது ஒரு கேள்வி. அப்படி என்ன இருக்கு என்பது இன்னொன்று. ரெண்டுக்கும் பதில் வேணும்.

பீளமேட்டான் | சனி, இரவு 10.25

தம்பி, உங்க ரெண்டாவது கேள்வியை இளசுங்க பார்த்துக்கட்டும். முதல் கேள்விக்கு நான் சொல்றனுங்க. கோயமுத்தூர்ல முப்பது வருஷமா பழைய வண்டிக வேலைதான் பார்க்கிறேன்.

நாளைக்கே ஒரு சின்னக் காந்தம் வாங்குங்க. துணியில சுத்தி, கதவுக்குக் கீழ இருக்கிற சில் முழுக்க நகர்த்திப் பாருங்க. எங்க ஒட்டலையோ அங்க தகடு போயி பட்டி பூசியிருக்குன்னு அர்த்தம். ஹெட்லைட்டச் சுத்தி, முன் பின் கண்ணாடிக்குக் கீழ்விளிம்பு, பின் சக்கரத்துக்கு மேல் வளைவு, பெட்ரோல் டாங்க் அடி, இதெல்லாம் துரு குடியிருக்கிற இடம். வண்டியத் தூக்கி, பின் சஸ்பென்ஷன்லிருந்து முன்னால வர்ற ரேடியஸ் ஆர்ம் அடித்தகட்டுல எங்க பிடிக்குதுன்னு விரலால அழுத்திப் பாருங்க. முன் குறுக்குச் சட்டத்தையும் விட்டுடாதீங்க.

எஞ்சினைப் பத்திப் பயப்பட வேண்டாம். அந்த எக்ஸ்கே எஞ்சின் 1948ல லண்டன் மோட்டார் ஷோவுல வந்தது, 1992 வரைக்கும் உற்பத்தியில இருந்தது. நல்லா சூடான பிறகு 3000 சுத்துல ஆயில் பிரஷர் 40 பவுண்டு காட்டுனா சந்தோஷப்படுங்க. பின்பக்கம் சொட்டுச் சொட்டா எண்ணெய் கசிஞ்சா அது எண்ணெயை அடைக்கிற கிராங்க் ஷாஃப்டோட கயித்து சீல். அதுக்காக எஞ்சினை இறக்கத் தேவையில்ல, கீழ ஒரு தட்டு வையுங்க. ஆனா வெப்பம் ஏறுதான்னு அரை மணி நேரம் டிராபிக்ல நிறுத்திப் பாருங்க. 4.2 பிளாக்குல பின் சிலிண்டர்களைச் சுத்தித் தண்ணி போற வழியில சேறு கட்டிக்கும். கவனிக்காம விட்டா பிளாக்கே விரிசல் விடும்.

பின் பிரேக் டிஸ்க் ரெண்டும் சக்கரத்துல இல்லைங்க, நடுவுல, ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுத் தர்ற டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். அந்த வேலை வந்தா ஒரு நாள் போகாது, ஒரு வாரம் போகும். அதையும் கணக்குல வச்சுக்குங்க.

கரிசல்காட்டான் | ஞாயிறு, காலை 7.15

செல்வம் அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதிய. இந்த வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வேற ஒன்று ஞாபகம் வருது. ஹைதராபாத் சௌமஹல்லா அரண்மனையில நிஜாமுக்காகச் செஞ்ச ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்ட் கார் நிக்குது. பின்னால சிம்மாசனம் மாதிரி உயர்ந்த இருக்கை. அந்தக் காலத்துல அதில் ஏறி உட்கார ஒருத்தர் இருந்தாரு, ரோட்டோரம் ஒதுங்கி நிக்கக் கோடிப்பேரு இருந்தாங்க. பிரிட்டிஷ் சொகுசுன்னா எனக்கு அந்த ஒதுங்கி நிக்கிறதுதான். நம்ம ஆளுங்க இன்னைக்கு அதைப் பார்த்து ஏங்குறப்போ, தாத்தா ஒதுங்கி நின்னதைப் பேரன் ரசிக்கிற மாதிரி வலிக்குது.

அழகு இல்லைன்னு சொல்லலை. அழகு மட்டும்தான் நம்மை இழுக்குதான்னு கேக்கேன்.

நித்யா_ஒரகடம் | ஞாயிறு, காலை 11.05

கரிசல்காட்டான் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்கு அப்புறம் வரேன். முதல்ல செல்வம் சாரோட மனைவி கேட்டதுக்கு என்னால பதில் சொல்ல முடியும்னு நினைக்கிறேன். கார்களில் சத்தத்தையும் அதிர்வையும் குறைக்கிறதுதான் என் வேலை. பன்னிரண்டு வருஷமா அதுதான் பண்றேன்.

சார் கேட்ட அமைதிக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கார். பாப் நைட். ஜாகுவாரில் எக்ஸ்ஜே6-இன் ஓட்டத்துக்கும் அமைதிக்கும் பொறுப்பா இருந்த பொறியாளர். அவர் முன்னால இருந்த சிக்கல் இன்னைக்கும் என் மேசை மேல இருக்கிற அதே சிக்கல்தான். சஸ்பென்ஷனை உடலோடு நேரடியா முடுக்கினால் ரோட்டுச் சத்தம் எல்லாம் உள்ளே வரும். நடுவில் மெத்தென்ற ரப்பர் வச்சால் சத்தம் நிற்கும், ஆனா ஸ்டீயரிங் தொளதொளன்னு ஆகிடும். அமைதி வேணுமா, பிடிப்பு வேணுமா, ஒண்ணைத்தான் எடுத்துக்கலாம்னு உலகமே நம்பியது.

நைட்டும் அவர் ஆட்களும் ரெண்டையும் கேட்டாங்க. பின் சக்கரங்கள், டிஃபரன்ஷியல், பிரேக் எல்லாத்தையும் ஒரு தனிச் சட்டத்தில் கட்டி, அந்தச் சட்டத்தை வி வடிவ ரப்பர்கள் மேல தொங்கவிட்டாங்க. ஒரு திசையில் மென்மை, இன்னொரு திசையில் விறைப்பு. பின்னால பக்கத்துக்கு ரெண்டு வீதம் நாலு ஸ்பிரிங். முன்னாலயும் அப்படியே தனிச் சட்டம், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தாதபடி கோணம் வச்ச சஸ்பென்ஷன். அப்புறம் டயர். அந்தக் காலத்து ரேடியல் டயர் ரோட்டுல இரையும். இந்த ஒரு காருக்காகவே டன்லப்போடு சேர்ந்து அகலமான புது டயர் உருவாக்கினாங்க. கம்ப்யூட்டர் கணக்கு கிடையாது. ஒரு ரப்பரை மாத்துறது, ஓட்டிப் பார்க்கிறது, காதால கேட்கிறது, திரும்ப மாத்துறது. வருஷக்கணக்கா இதேதான்.

1968 செப்டம்பரில் கார் வந்தப்போ, அமைதியும் பிடிப்பும் ஒண்ணா இருக்கிற வண்டி அந்த விலைக்கு வேற எங்கேயும் இல்லை. ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் ஷேடோ விலையில் பாதிகூட இல்லை அது.

இன்னைக்கு நாங்க மைக்ரோபோனும் மென்பொருளும் வச்சுச் செய்கிறதை ஒருத்தர் ரப்பர் துண்டை விரலில் அழுத்தி அழுத்தித் தேடியிருக்கார். அந்தத் தேடல் ஐம்பது வருஷம் கழிச்சும் செல்வம் சார் காதில் விழுந்திருக்கு. நான் பதில்னு சொல்றது அதைத்தான்.

யாழ்_ஏபோர்ட்டி | ஞாயிறு, மதியம் 2.30

நான் லண்டன் ஹரோவில இருக்கிறன். சொகுசுக் கார் ஓடின குடும்பம் இல்லை எங்கட குடும்பம். அப்புவிட்ட ஒரு ஒஸ்ரின் ஏ40 இருந்தது. எங்கட ஊரில எல்லாரும் ‘ஏ போர்ட்டி’ எண்டுதான் சொல்லுவினம். கலியாணத்துக்கும் அதுதான், ஆசுப்பத்திரிக்கும் அதுதான்.

தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போன காலம். யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயிலதான் வாகனம் ஓடினது. ஒரு சின்னப் போத்திலுக்க பெற்றோல் வச்சிருந்து, காபுரேற்றருக்குக் கொஞ்சமாய் விட்டு ஸ்ராட் பண்ணி, இஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. புகை கண்ணைக் கரிக்கும். ஆனாலும் ஓடினது. உதிரிப்பாகம் கொழும்பில இருந்து வராது. அப்பு ரயர் ரியூப்பை வெட்டி ரப்பர் வோசர் செய்வார், தகரத்தில காஸ்கெற் வெட்டுவார்.

தங்கச்சி நித்யா சொல்லுற அமைதி எங்கட காரில இல்லை. ஆனால் இங்கிலாந்தில செய்த அந்தக் காலத்துக் கார்களில ஒரு விசயம் பொது. திறந்து பாத்தால் விளங்கும். ஒவ்வொரு துண்டும் தான் என்ன வேலை செய்யுதெண்டு தானே காட்டும். இங்க வந்தாப் பிறகு ஒருநாள் ஜாகுவார் மார்க் 2 ஒண்டின்ர பொனற்றுக்கு உள்ளுக்க எட்டிப் பாத்தன். பளபளவெண்டு அலுமினியத் தலை, ரெண்டு எஸ்யூ காபுரேற்றர். அப்புவின்ர காரின்ர பெரிய அண்ணை மாதிரி நிண்டது. எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

கரிசல்காட்டான் தம்பி, உங்கட கோபம் விளங்குது. ஆனால் வெள்ளைக்காரன் செய்த பொருளை அவன் நினைச்சே பாக்காத விதத்தில உயிரோட வச்சிருந்தது எங்கட ஆக்கள். அதுக்குப் பிறகு அது அவன்ர கார் மட்டும் இல்லை.

கரிசல்காட்டான் | ஞாயிறு, மாலை 4.10

அண்ணே, உங்க கடைசி வரியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன்.

மின்சாரத்_தமிழன் | ஞாயிறு, மாலை 6.00

எனக்கு ஒரு சந்தேகம். அமைதிதான் இவ்வளவு பெரிசுன்னா, எஞ்சினைக் கழற்றிட்டு மோட்டாரும் பேட்டரியும் வச்சிடலாமே? இங்கிலாந்திலேயே பழைய ஜாகுவார், ரோல்ஸ்ராய்ஸ் எல்லாத்தையும் அப்படி மாத்திக் கொடுக்கிறாங்க. புகை இல்லை, கசிவு இல்லை, எண்ணெய் மாத்த வேண்டாம். உடலும் மரமும் தோலும் அப்படியே இருக்கும். சுற்றுச்சூழலைப் பத்திக் கவலைப்படுகிற ஆள் நான். மனப்பூர்வமாத்தான் கேட்கிறேன்.

நித்யா_ஒரகடம் | ஞாயிறு, இரவு 8.20

வீட்டுக்கு வெளியே நிற்கிற எல்லா வண்டியும் மின்சாரமாகட்டும், நானும் அதுக்குத்தான் வேலை செய்றேன். ஆனா இதுல மாத்தக்கூடாதுன்னு சொல்வேன்.

மின்சாரக் காரில் எஞ்சின் சத்தம் போனதும் அது மறைச்சு வச்சிருந்த மற்றதெல்லாம் வெளியே வரும். டயர், காற்று, பம்ப், கியரின் சன்னக் கீச்சு. எங்களுக்குப் பாதி வேலையே அதோடதான். அமைதின்னா சத்தம் இல்லாமை இல்லை. எந்தச் சத்தம் எவ்வளவு இருக்கணும்னு ஒருத்தர் முடிவு பண்ணியிருக்கணும். 1958இல் ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கிளவுடுக்கு விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி எழுதின விளம்பரம் ரொம்பப் பேருக்குத் தெரியும். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது உள்ளே கேட்கிற பெரிய சத்தம் மின்கடிகாரத்தோடதுதான்னு. கடிகாரம் கேட்கணும்னா, ஒரு வி8 எஞ்சினோ ஆறு சிலிண்டரோ அதுக்குக் கீழே குரலைத் தாழ்த்திக்கிட்டு இருக்கணும். பலசாலி ஒருத்தர் மெதுவாப் பேசுகிற மரியாதை அது. பலசாலியை வெளியே அனுப்பிட்டா அறை வெறிச்சுன்னு ஆகிடும்.

எக்ஸ்கே எஞ்சின் பிறந்த கதையையும் நினைச்சுப் பாருங்க. 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் கொவன்ட்ரி எரிஞ்சுபோச்சு. அதுக்குப் பிறகு ஆலைக் கூரையில ராத்திரி தீக்காவல் இருந்தாங்க. ஜாகுவாரை நடத்தின வில்லியம் லயன்ஸும் அவரோட பொறியாளர்கள் ஹெய்ன்ஸ், ஹாசன், பெய்லியும் ஒரே முறைக்காவலில் உட்கார்ந்து, போர் முடிஞ்சதும் செய்யப்போகிற எஞ்சினைப் பத்திப் பேசினாங்க. மேலே விமானம் வருதான்னு பார்த்துக்கிட்டே. அந்த எஞ்சினைக் கழற்றி ஓரமா வைக்க எனக்குக் கை வராது.

தாமிரபரணி_செல்வம் | திங்கள், இரவு 10.10

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கலை. மனைவியையும் உட்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். யாழ் அண்ணன் எழுதினதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் லயன்ஸ் பத்திச் சொன்னதை இங்கே போடுறேன். நானும் அப்புறம் தேடிப் பார்த்தேன், பதிவாகியிருக்கிற விஷயம்தான். லயன்ஸ் காகிதத்தில் வரைந்து வடிவமைக்கிற ஆள் இல்லை. ஃபிரெட் கார்ட்னர் என்கிற ஆளும் அவரோட தகட்டு ஆட்களும் முழு அளவில் மரத்திலும் தகட்டிலும் காரோட உருவத்தைச் செய்வாங்க. லயன்ஸ் சுற்றிச் சுற்றி வந்து, இந்தக் கோடு கொஞ்சம் இறங்கட்டும், அந்த விளிம்பு தணியட்டும்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அப்புறம் அதை வப்பன்பரியில் இருந்த தன் வீட்டு வாசலுக்கே கொண்டுபோகச் சொல்வார். காலை வெயிலில், புல்வெளியில், ஒரு வீட்டு முன்னால நின்னா எப்படி இருக்குன்னு பார்க்கணும் அவருக்கு. கார் கடைசியில் நிற்கப்போகிற இடம் வீட்டு வாசல்தானே.

பெரியவர் அந்தக் கரும்பச்சை வண்டியோட பின்வளைவைத் தடவிக்கிட்டே சொன்னார், மழை பெய்து ஓய்ஞ்ச உடனே பாருன்னு. நேற்று மழை. போய்ப் பார்த்தேன். முன்னிலிருந்து பின்வரைக்கும் ஒரே ஒரு வெளிச்சக் கோடு, எங்கேயும் உடையாமல் ஓடுது.

பீளமேடு அண்ணே, இன்னொன்று. இதே விலைக்கு 1974 சில்வர் ஷேடோ ஒன்றும் வந்திருக்கு. சபலமா இருக்கு.

பீளமேட்டான் | செவ்வாய், காலை 6.40

தம்பி, விலை குறைவான ஷேடோ மாதிரி செலவு வைக்கிற வண்டி உலகத்துல இல்லைங்க. வேண்டாம்னு சொல்லலை. ஆனா அது என்னன்னு தெரிஞ்சுட்டு வாங்கோணும்.

1965ல வந்தப்ப ரோல்ஸ்ராய்ஸ்காரங்களுக்கு அது பெரிய மாற்றம். தனி சேஸி இல்லாம உடலே சட்டமா வந்த முதல் ரோல்ஸ்ராய்ஸ் அதுதானுங்க. நாம பிரிட்டிஷ் பிரிட்டிஷ்னு சொல்றோம். ஆனா பின்னால தானா உயரம் சரிபண்ணுற ஹைட்ராலிக் முறை பிரெஞ்சு சித்ரோன்கிட்ட உரிமம் வாங்குனது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ். எங்க நல்லது இருந்துச்சோ அங்க போயி வாங்கியிருக்காங்க. அந்த அடக்கம் எனக்குப் புடிக்கும்.

அந்த ஹைட்ராலிக்தான் இதுல உசுரு. எஞ்சின் நடுப்பள்ளத்துல ரெண்டு பம்பு, கேம்ஷாஃப்ட்ல ஓடும். அது நைட்ரஜன் அடைச்ச உருண்டைகள்ல அழுத்தத்தைச் சேத்து வைக்கும். பிரேக்கும் அதுலதான், பின்பக்கம் தூக்கறதும் அதுலதான். ஆர்ஆர்363ன்னு தனி திரவம். காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ஆகையால காலாகாலத்துல மாத்தியே ஆகோணும். 1980க்கு மேல வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு மினரல் ஆயில். ரெண்டையும் மாத்தி ஊத்துனா முடிஞ்சுதுங்க.

என்கிட்ட ஒரு ஷேடோ வந்துச்சு. வேற ஊர்ல ஒரு பட்டறையில மினரல் ஆயிலை ஊத்தி விட்டுட்டாங்க. ஒரு மாசத்துல உள்ள இருக்கிற ரப்பர் சீல் அத்தனையும் ஊதிப்போச்சு. வண்டி ஓடுது, பிரேக் இல்லை. பம்பு, வால்வு, உருண்டை, காலிப்பர் ஒன்னொன்னாக் கழட்டி, ஸ்பிரிட்ல கழுவி, சீல் வரவழைச்சு மாத்த ஏழு மாசம் ஆச்சு. ராத்திரி தூக்கத்துல கூட அந்தக் குழாய் வரைபடம்தான் வரும்.

முடிச்ச அன்னைக்கு அவினாசி ரோட்டுல எடுத்துட்டுப் போனேன். பிரேக் மிதியை விரல் வைக்கிற மாதிரி வச்சேன், ரெண்டு டன்னுக்கு மேல இருக்கிற வண்டி பூனை மாதிரி நின்னுச்சு. நின்னதே தெரியலைங்க. ஓரமா நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்ல கை வச்சுட்டே உட்கார்ந்திருந்தேன். இந்தத் தொழிலுக்கு வந்ததுக்கு அந்த ஒரு நாள் போதும்.

ஆனா உங்களுக்கு ஜாகுவார்தான் தம்பி. அதை நீங்களே கத்துக்கிட்டுப் பார்த்துக்கலாம். ஷேடோவுக்கு வருஷம் பூரா பழகுன கை வேணும்.

வாட்ஸ்அப்_வாசு | செவ்வாய், காலை 9.00

ஆல்வார் மகாராஜா ரோல்ஸ்ராய்ஸ்களைக் குப்பை அள்ள விட்ட கதையை யாரும் சொல்லலையே!

நித்யா_ஒரகடம் | செவ்வாய், காலை 9.35

அதே கதை வேறு சில சமஸ்தானங்கள் பேரிலும் சுத்துது. ஆதாரம் எதுவும் கிடையாது. கூட வர்ற துடைப்பம் கட்டின காரோட படமும் வேறு காரோடது. விட்டுடுவோம்.

கரிசல்காட்டான் | செவ்வாய், இரவு 9.15

ரெண்டு நாள் யோசிச்சுட்டு எழுதுதேன்.

சிம்மாசன இருக்கை எனக்கு இன்னும் உறுத்துது, அது போகாது. ஆனா யாழ் அண்ணனும் பீளமேடு அண்ணனும் எழுதின பிறகு பிரிட்டிஷ் கார்களைச் செஞ்ச கைகளைப் பத்தித் தேட ஆரம்பிச்சேன். கொவன்ட்ரி இருக்கிற மிட்லண்ட்ஸ் பகுதி வார்ப்பாலைகள்ல போருக்கு அப்புறம் உருகிய இரும்புக்கு முன்னால நின்ன ஆளுங்கள்ல நிறையப் பேரு பஞ்சாபிலிருந்து போனவங்க. வெள்ளைக்காரத் தொழிலாளி செய்ய மறுத்த சூட்டு வேலை, ராத்திரி ஷிஃப்ட். பிரிட்டிஷ் கார் தொழிலோட இரும்பில் அவங்க வேர்வையும் இருக்கு. பளபளக்கிற விளம்பரத்துல அவங்க இல்லை.

2008ல் டாடா 230 கோடி டாலர் கொடுத்து ஃபோர்டுகிட்ட இருந்து ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கினப்போ நம்ம ஊர்ல பலபேரு பழி தீர்த்த மாதிரி பேசினாங்க. 2024ல் ராணிப்பேட்டை பனப்பாக்கத்துல டாடாவோட கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினப்போவும் அதே பேச்சு. எனக்கு அந்தப் பெருமையைவிட வார்ப்பாலையில் நின்ன ஆளுங்களோட கணக்குதான் பெரிசாத் தெரியுது.

செல்வம் அண்ணாச்சி, வாங்குங்க. வாங்கினதும் அந்தப் பெரியவர்கிட்ட, உங்ககூட வேலை பார்த்தவங்க யார் யார், எங்கெங்கே இருந்து வந்தவங்கன்னு கேட்டு எழுதி வையுங்க. அதையும் இந்த இழையில போடுங்க.

தாமிரபரணி_செல்வம் | சனி, மாலை 5.30

வாங்கிட்டேன்.

காந்தம் சில் முழுக்க ஒட்டியது. இடப்பக்கம் பின்சக்கர வளைவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டலை. அதைச் சொல்லியே விலையைக் குறைத்தேன். சூடான பிறகு ஆயில் பிரஷர் 42. டிராபிக்கில் அரை மணி நேரம் நின்னது, முள் நகரலை. நாற்பது வருஷத்துக்கு மேல ஆன வண்டிங்கிறதால இங்கே சாலை வரி கிடையாது, லண்டன் போனாலும் புகைக் கட்டணம் கிடையாது. எத்தனால் அதிகம் கலந்த இ10 பெட்ரோல் மட்டும் போடக்கூடாது, இ5 தான்.

பெரியவர் ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அங்குல அளவு ஸ்பேனர்கள், எண்ணெய்த் துணியில சுத்தி. மெட்ரிக் ஸ்பேனரை இதில் போட்டு நட்டோட மூலையை மழுக்கிடாதேன்னு சொன்னார். கரிசல்காட்டான் தம்பி கேட்கச் சொன்னதைக் கேட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டார். முதல் பேரே லூதியானாக்காரர் ஒருத்தர். நாலு பக்கம் எழுதியிருக்கேன், அவர் சம்மதிச்சதும் பேர்களை விட்டுட்டு இங்கே போடுறேன்.

மனைவி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசலை. அப்புறம், “ஆத்துல முங்கின மாதிரின்னு சொன்னீங்களே, ஆமா” என்றாள்.

பீளமேடு அண்ணே, எஸ்யூ கார்புரேட்டர் மேல மூடியைத் திறந்தால் உள்ளே எண்ணெய் காய்ஞ்சு கிடக்கு. என்ன ஊத்தணும், எவ்வளவு?

பீளமேட்டான் | சனி, மாலை 5.52

எஸ்ஏஇ 20 எண்ணெய். கொஞ்சங் கொஞ்சமா ஊத்திட்டு, மூடியோட சேர்ந்து வர்ற டேம்பர் தண்டை இறக்கிப் பாருங்க. மூடி உட்காரதுக்குக் கால் அங்குலம் முன்னாலயே கையில ஒரு தடுப்புத் தெரிஞ்சா போதும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கோணும் தம்பி.